ஆறாவது மாடி வீட்டிற்காகத் தரைக்கீழ்த் தளத்தில் நடந்த ஆய்வு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கே பதிவு செய்யப்படுவது, சங்கம் நிர்வகிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் பழைய வீட்டை வாங்க முன்வந்த ஒரு தம்பதியர், எந்த வகை ஆய்வைச் செய்விப்பது என்று முடிவெடுத்த விதமும் அதன் விளைவும் ஆகும். கட்டடத்திற்கு வயது 26. ஒன்பது மாடிகள், 72 வீடுகள், வாகனம் நிறுத்தத் தரைக்கீழ்த் தளம் ஒன்று. அத்தளத்தின் கூரையே மேலே முற்றமாக அமைந்திருந்தது. குழந்தைகள் விளையாடும் இடமும் செடித் தொட்டிகளும் அந்த மேடைத் தளத்தின் மீதுதான் இருந்தன. விலைக்கு வந்த வீடு ஆறாவது மாடியில் இருந்தது.

தம்பதியர் அதுவரை வாடகைக்குத் தனி வீடுகளிலேயே குடியிருந்தவர்கள். மனைவிக்கு நான் சித்தப்பா முறை. கட்டடப் பொறியாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்பதால் என்னை உடன் வைத்துக்கொண்டார்கள். நான் கட்டணம் பெறவில்லை, ஆய்வறிக்கையிலும் கையெழுத்திடவில்லை. விற்பவருடன் செய்த ஒப்பந்தப்படி, வீட்டை ஆய்வு செய்து பார்த்துவிட்டு வாங்குவதா, விலகுவதா, நிபந்தனைகளைத் திருத்தக் கேட்பதா என்று முடிவு செய்ய 15 நாள்கள் இருந்தன.

முதல் நாள் தொலைபேசியில் வந்த கேள்வி, "எந்த ஆய்வாளரைக் கூப்பிடலாம் சித்தப்பா?" என்பதாக இருந்தது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரியும். ஆயினும் அதை உரிய அழுத்தத்துடன் சொல்லாமல் விட்டது என் பிழை. அதன் விளைவு பின்னால் வருகிறது.

எது யாருடையது என்ற கேள்வி

தனி வீட்டை வாங்குபவர் அடித்தளம் முதல் கூரை வரை எல்லாவற்றையும் வாங்குகிறார். ஆகவே அங்கே ஆய்வின் எல்லையும் சொத்தின் எல்லையும் ஒன்றாகவே இருக்கும். சங்கத்தின் கீழ் உள்ள வீட்டில் நிலைமை வேறு. பெரும்பாலான குடியிருப்புகளில், வாங்குபவர் தனியாகப் பெறுவது சுவர்களின் உட்புறப் பரப்பிற்கு உள்ளே இருப்பது மட்டுமே. தூண், தளம், வெளிச்சுவர், மொட்டைமாடி, லிஃப்ட், செங்குத்தான கழிவுநீர்க் குழாய்கள் ஆகியவை எல்லாருக்கும் பொதுவானவை. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வகை ஒன்றும் உண்டு: பொதுச் சொத்தாக இருந்தும் ஒரு வீட்டார் மட்டும் பயன்படுத்தும் பால்கனி, சன்னல், வாகனம் நிறுத்தும் இடம் போன்றவை. வழக்குகள் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையில்தான் பிறக்கின்றன.

இந்த எல்லைகளை வகுப்பது குடியிருப்பின் உரிமை விளம்புகைப் பத்திரம். நாங்கள் பார்த்த குடியிருப்பின் பத்திரத்தில் பால்கனியின் டைல் வீட்டுக்காரருடையது, டைலுக்கு அடியில் உள்ள நீர்க்காப்புப் பூச்சு சங்கத்துடையது என்று இருந்தது. சன்னல் கண்ணாடி வீட்டுக்காரருடையது, அதன் சட்டம் சங்கத்துடையது. ஒரே ஒரு வீட்டிற்கு மட்டும் பயன்படும் குழாய், அது தளத்தின் கான்கிரீட்டிற்கு அடியில் அடுத்த வீட்டின் கூரையை ஒட்டி ஓடினாலும், அந்த வீட்டுக்காரரையே சாரும். ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பயன்படும் குழாய் சங்கத்தைச் சாரும். குழாய் பற்றிய இந்தச் சொற்றொடர் மிகச் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் இந்நிகழ்வில் ஒரு தகராறு முழுவதையும் முடித்துவைத்தது அதுதான்.

பத்திரத்தின் கடைசிப் பக்கங்களில் இருந்த அட்டவணைப்படி இந்த வீட்டின் பங்கு 1.6 விழுக்காடு. அதாவது, பொதுப் பகுதியில் எது பழுதானாலும் அதைச் சீர்செய்யும் செலவில் 1.6 விழுக்காடு இந்த வீட்டின் தலையில் விழும். சங்கத்தின் இருப்பு நிதி போதாவிட்டால் அது சிறப்பு வசூலாக வரும். வசூல் தீர்மானம் நிறைவேறும் நாளில் யார் உரிமையாளரோ அவரே செலுத்த வேண்டும் என்றும் பத்திரம் சொன்னது.

ஆய்வாளரைத் தேர்ந்தெடுத்தது

மூவரிடம் விவரம் கேட்கப்பட்டது. முதலாமவர் வீட்டு விற்பனைத் தரகர் பரிந்துரைத்தவர். கட்டணம் மிகக் குறைவு. வீட்டின் உட்புறத்தை மட்டும் பார்த்து அன்று மாலையே அறிக்கை தருவதாகச் சொன்னார். அவர் திறமையற்றவர் என்று நான் கருதவில்லை. ஆனால் விற்பனை முடிந்தால் மட்டுமே தரகுப்பணம் பெறும் ஒருவரிடமிருந்து தொடர்ந்து வேலை பெறுபவர், வாங்குபவருக்காக மட்டும் பேசுவது கடினம் என்பதால் அவரைத் தவிர்த்தோம்.

இரண்டாமவர் வீட்டின் உட்புறத்தை முழுமையாகவும், பொதுப் பகுதிகளைக் கண்ணால் பார்க்கக்கூடிய அளவிலும் ஆய்வு செய்பவர். தம் பழைய அறிக்கை ஒன்றை, பெயர்களை நீக்கிவிட்டு, மாதிரியாக அனுப்பினார். அதில் பழுதின் நிழற்படமும், அது உரிமையாளரின் பொறுப்பா சங்கத்தின் பொறுப்பா என்ற குறிப்பும் ஒவ்வொரு பழுதுக்கும் இருந்தன. தொழில்முறைப் பொறுப்புக் காப்பீட்டின் நகலையும் கேட்காமலே இணைத்திருந்தார். மூன்றாமவர் கட்டமைப்புப் பொறியாளர். முழுக் கட்டடத்தையும் கருவிகளைக் கொண்டு சோதிப்பவர். அத்தகைய சோதனையை ஒரு வீட்டை வாங்குபவர் தம் செலவில் செய்விப்பது பொருந்தாது. பொதுச் சொத்தில் துளையிட்டுப் பார்க்க அவருக்கு உரிமையும் இல்லை.

இரண்டாமவரையே நியமிப்பது என்றும், அவர் சந்தேகம் எழுப்பும் இடம் ஏதேனும் இருந்தால் அந்த இடத்திற்கு மட்டும் மூன்றாமவரை அழைப்பது என்றும் தம்பதியர் முடிவு செய்தனர். வழக்கமான வீட்டு ஆய்வு என்பது கண்ணால் பார்ப்பது, இயக்கிப் பார்ப்பது, உடைக்காமல் அளப்பது ஆகியவற்றோடு நின்றுவிடும். சுவருக்குள் இருப்பதை அது சொல்லாது. இதை முன்கூட்டியே விளக்கியதால், அறிக்கை வந்த பிறகு "இதையெல்லாம் பார்க்கவில்லையா?" என்ற ஏமாற்றம் எழவில்லை.

முதல் நாளே சங்கத்திடம் கேட்டிருக்க வேண்டியவை மூன்று: ஐந்து ஆண்டுகளின் கூட்டக் குறிப்பேடுகள், தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு, பொதுப் பகுதிகள் குறித்த பொறியாளர் அறிக்கைகள். நாங்கள் அவற்றை நான்காம் நாள்தான் கேட்டோம். செயலாளர் அவற்றைத் திரட்டித் தர ஐந்து நாள்கள் எடுத்துக்கொண்டார். பதினைந்தில் ஒன்பது நாள்கள் அப்படியே கழிந்தன.

ஆய்வு நாள்: வீட்டிற்குள்

ஐந்தாம் நாள் காலை ஆய்வு நடந்தது. உட்புறத்திற்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. தரை, சுவர், கதவுகள் ஆகியவற்றில் சொல்லும்படியாக எதுவும் இல்லை. சுவரில் இருந்த சில மயிரிழை விரிசல்கள் விரிசல் அளவட்டையில் 0.2 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. அவை பூச்சின் சுருக்கத்தால் வந்தவை. மின்பெட்டியில் ஒரு குறை இருந்தது. 30 மில்லி ஆம்பியர் அளவு மின்கசிவு ஏற்பட்டால் 300 மில்லி நொடிக்குள் இணைப்பைத் துண்டிக்க வேண்டிய பாதுகாப்புக் கருவி, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தியபோது அசையவே இல்லை. உயிர்காக்கும் கருவி என்ற அளவில் இது பெரிய குறை. ஆனால் உரிமையாளரின் எல்லைக்குள் இருப்பது, அரை நாளில் மாற்றிவிடக்கூடியது.

குளியலறைக் கூரையில்தான் நேரம் போயிற்று. உள்ளங்கை அகலத்திற்கு ஒரு பழுப்புக் கறை, அதன் மேல் அண்மையில் அடித்த வெள்ளை வண்ணம். ஈரமானி முட்களை வைத்தபோது எண் உயர்ந்தது. இவ்வகைக் கருவி மின்தடையை அளந்து ஈரத்தைக் கணிப்பது. அதன் அளவுகோல் மரத்திற்காக வகுக்கப்பட்டது. பூச்சில் உப்பு படிந்திருந்தால் ஈரமே இல்லாமலும் எண் உயரும். ஆகவே அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அதே கூரையில் கறையற்ற மூலையின் எண்ணோடு ஒப்பிட்டார் ஆய்வாளர். பிறகு வெப்பப் படக்கருவியால் பார்த்தார். அந்தக் கருவிக்கு ஈரம் தெரியாது, மேற்பரப்பின் வெப்பநிலை மட்டுமே தெரியும். ஈரமான இடம் ஆவியாதலால் குளிர்ந்திருப்பதால்தான் அது தனித்துத் தெரிகிறது. இரண்டு கருவிகளும் ஒரே இடத்தைக் காட்டின.

மேல்வீட்டில் குடியிருந்தவர் அந்த வீட்டின் உரிமையாளரான ஒரு மூதாட்டி. கதவைத் தட்டி, "அம்மா, உங்கள் குளியலறையில் கொஞ்ச நேரம் தண்ணீர் தேக்கிப் பார்க்கலாமா?" என்று கேட்டபோது, அவர் தயங்காமல் கதவைத் திறந்தார். "போன வருஷமே சங்கத்துல சொல்லிட்டேன் தம்பி. குழாய் உங்களோடதா எங்களோடதான்னு இன்னும் பேசிக்கிட்டே இருக்காங்க" என்றார்.

முறையான நீர்த்தேக்கச் சோதனைக்குக் குறைந்தது 24 மணி நேரம் வேண்டும். அவ்வளவு நேரம் அவருடைய குளியலறையை எடுத்துக்கொள்ள முடியாது என்பதால், நீர் வெளியேறும் துளையை அடைத்து இரண்டு சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் தேக்கி, நான்கு மணி நேரம் விட்டோம். அந்த நேரத்தில்தான் கட்டடத்தின் பிற பகுதிகளைச் சுற்றிப் பார்த்தது. திரும்பி வந்தபோது கீழ்க்கூரையில் மாற்றம் எதுவும் இல்லை. அடைப்பை எடுத்து நீரை ஓடவிட்ட ஏழாம் நிமிடத்தில் கறையின் நடுவே ஒரு துளி திரண்டது. நான்கு மணி நேரச் சோதனை நீர்க்காப்புப் பூச்சு நன்றாக இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லாது. ஆனால் நீர் நிற்கும்போது கசியாமல் ஓடும்போது கசிந்ததால், பழுது பெரும்பாலும் துளைக்குக் கீழே உள்ள குழாய் இணைப்பில் இருக்க வேண்டும் என்று ஆய்வாளர் எழுதினார். கசியும் துண்டு மேல்வீட்டிற்கு மட்டும் பயன்படுவது.

ஆய்வு நாள்: வீட்டிற்கு வெளியே

மொட்டைமாடி ஓரளவு நன்றாக இருந்தது. நீர்க்காப்புப் படலம் எட்டு ஆண்டுகளுக்கு முன் மாற்றப்பட்டது. அவ்வகைப் படலம் 15 முதல் 25 ஆண்டுகள் வரை உழைக்கும். லிஃப்ட்டுகள் இரண்டும் கட்டடம் எழுந்த காலத்தவை. அவற்றைப் புதுப்பிக்க வேண்டிய வயது வந்துவிட்டது என்பதைத் தவிர அங்கே வேறு பேச இல்லை.

தரைக்கீழ்த் தளத்தில் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு தகரத் தட்டு. கூரையிலிருந்து நான்கு கம்பிகளில் தொங்கவிடப்பட்டு, அதன் ஒரு மூலையில் ரப்பர் குழாய் பொருத்தப்பட்டு, அந்தக் குழாய் தூண் ஒன்றின் ஓரமாக இறங்கிச் சாக்கடையில் சேர்ந்திருந்தது. மிக நேர்த்தியான வேலை. கசிவை நிறுத்தும் எண்ணத்தை எப்போது கைவிட்டார்கள் என்பதை அந்த நேர்த்தியே காட்டிக்கொடுத்தது. தட்டைச் சுற்றிக் கூரையில் விரல் நீளத்திற்கு வெள்ளைச் சுண்ணாம்புக் குச்சிகள் தொங்கின. கான்கிரீட்டின் ஊடாகப் பல ஆண்டுகள் நீர் இறங்கி அதிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுவரும்போதுதான் அவை உருவாகும். அந்த நீர் கடும் காரத்தன்மை உடையது, வண்டியின் வண்ணத்தை அரிக்கும். தட்டைத் தொங்கவிட்டதற்கு உடனடிக் காரணம் அதுவாகவே இருந்திருக்கும்.

தட்டிலிருந்து சில அடி தள்ளி, கூரையில் துருநிறக் கோடு ஒன்று நேராக ஓடியது. அதன் முடிவில் கான்கிரீட் பெயர்ந்து ஒரு சாண் நீளத்திற்குக் கம்பி வெளியே தெரிந்தது. ஆய்வாளர் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். கெட்டியான இடத்தில் கணீரென்று ஒலித்தது. துருக்கோட்டின் இருபுறமும் ஏறத்தாழ இரண்டு சதுர மீட்டர் பரப்பில் வெற்றுப் பானையைத் தட்டியது போல் ஒலித்தது. கம்பி துருவேறும்போது அது இரும்பாக இருந்தபோது பிடித்த இடத்தைப் போல் பல மடங்கு இடம் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தில் மேலே மூடியிருக்கும் கான்கிரீட் அடுக்காகப் பிரிகிறது. மேலே போய்ப் பார்த்தபோது, அதே இடத்திற்கு நேர் மேலே செடித் தொட்டி வரிசைக்கும் நடைபாதைக்கும் இடையே நீர் தேங்கி நின்றது. தரையில் நீர்மட்டக் கோலை வைத்தால் சரிவே இல்லை. மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவாவது இருந்திருக்க வேண்டும்.

கணவர், "நாங்கள் இருக்கப் போவது ஆறாவது மாடி. இந்தக் கசிவு எங்களை என்ன செய்யும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 1.6 விழுக்காடு என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஆனால் பணத்தோடு முடிகிற விஷயமாக எனக்குப் படவில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் சர்ஃப்சைடு என்ற ஊரில், 1981-இல் கட்டி முடிக்கப்பட்ட 12 மாடிக் குடியிருப்பின் ஒரு பெரும்பகுதி 2021 ஜூன் 24 அன்று நள்ளிரவுக்குப் பின் இடிந்து விழுந்ததில் 98 பேர் இறந்தனர். நீச்சல்குளத்தை ஒட்டிய மேடைத் தளத்தின் நீர்க்காப்பு செயலிழந்திருப்பதையும், சரிவில்லாமல் தட்டையாக அது போடப்பட்டிருப்பதால் நீர் தேங்குவதையும், கீழே கான்கிரீட் பெரிய அளவில் சேதமடைந்திருப்பதையும் சங்கம் நியமித்த பொறியாளர் 2018-ஆம் ஆண்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் கட்டடமும் இதுவும் ஒன்று என்றோ, அங்கே இடிந்ததற்குக் காரணம் கசிவு மட்டுமே என்றோ நான் சொல்லவில்லை. அறிக்கை கையில் இருந்தும் பழுதுபார்ப்பு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது என்பதுதான் எங்களுக்குப் பொருந்தியது. அந்த மாநிலம் 2022-இல், மூன்று மாடிகளும் அதற்கு மேலும் உள்ள இத்தகைய குடியிருப்புகளுக்கு 30 ஆண்டு நிறைவில் கட்டமைப்பு ஆய்வைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது. நாங்கள் பார்த்த கட்டடத்திற்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. யாராவது கேட்டால்தான் உண்டு.

கூட்டக் குறிப்பேடுகள்

ஒன்பதாம் நாள் கைக்கு வந்த ஆவணங்களில் மின்தூக்கிப் பராமரிப்பு, காவலர் சம்பளம், நாய் வளர்ப்பு குறித்த நீண்ட விவாதம் என்று எல்லாம் இருந்தன. மனைவி அவற்றை இரண்டு இரவுகள் உட்கார்ந்து படித்து, "மேடைத் தளக் கசிவு" என்ற சொல் வரும் இடங்களில் எல்லாம் தாள் ஒட்டிக்கொண்டு வந்தார். நான்கு ஆண்டுகளில் ஏழு கூட்டங்களில் அது பேசப்பட்டிருந்தது. ஐந்து முறை "அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது". ஒரு முறை தட்டுக்கும் குழாய்க்கும் செலவு அனுமதிக்கப்பட்டது. ஒரு முறை சிறப்பு வசூல் முன்மொழியப்பட்டு, சில வாக்குகளில் தோற்றது. எதிர்த்து வாக்களித்தவர்களின் வீட்டு எண்கள் குறிக்கப்பட்டிருந்தன. விலைக்கு வந்த வீட்டின் எண் அவற்றுள் ஒன்று. இதை ஒரு குற்றமாக நான் எழுதவில்லை. விற்றுவிட்டுப் போக நினைப்பவர் வசூலை எதிர்ப்பது இயல்பு. ஆனால் "கசிவு பற்றி எனக்கு எதுவும் தெரியாது" என்று அவர் தரகர் மூலம் முன்பு சொல்லியிருந்த வாக்கியம் அதன் பிறகு செல்லுபடியாகவில்லை.

கணக்கைப் பார்த்ததில் இருப்பு நிதி, குடியிருப்பு முழுவதும் வசூலாகும் ஓராண்டுப் பராமரிப்புக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவாக இருந்தது. எந்தப் பொருள் எப்போது தேயும், அதற்கு ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று கணக்கிட்ட அறிக்கை எதுவும் இல்லை. இரண்டு லிஃப்ட்டுகளைப் புதுப்பிக்கவே அந்த நிதி போதாது. மேடைத் தளத்திற்குச் சிறப்பு வசூல் வரும் என்பது உறுதி. எப்போது, எவ்வளவு என்பதுதான் தெரியவில்லை.

கட்டமைப்புப் பொறியாளரை அழைத்தது

ஒப்பந்தக் கெடுவை ஏழு நாள்கள் நீட்டிக்குமாறு கேட்டுப் பெற்ற பிறகு, மேடைத் தளத்திற்கு மட்டும் கட்டமைப்புப் பொறியாளர் அழைக்கப்பட்டார். சங்கச் செயலாளர் முதலில் தயங்கினார். தனியார் ஒருவர் எடுத்த அறிக்கையால் எல்லா வீடுகளின் விலையும் குறைந்துவிடுமோ என்பது அவருடைய அச்சம். துளையிடுவதில்லை, அறிக்கையின் நகல் சங்கத்திற்கும் இலவசமாகத் தரப்படும் என்ற இரண்டு உறுதிகளின் பேரில் எழுத்து மூலம் அனுமதி தந்தார்.

கம்பியின் மின்னழுத்தத்தை அளந்து துருப்பிடிப்பின் வாய்ப்பைக் கணிக்கும் சோதனைக்குக் கம்பியோடு நேரடி இணைப்பு வேண்டும்; வழக்கமாக அதற்காகவே கான்கிரீட்டைக் கொத்துவார்கள். இங்கே ஏற்கெனவே வெளியே தெரிந்த கம்பியிலேயே இணைப்பைக் கொடுத்ததால் எதையும் உடைக்காமல் அளக்க முடிந்தது. செம்பு, செம்புச் சல்பேட் மின்முனையை ஒப்பாக வைத்து அளந்ததில், துருக்கோட்டை ஒட்டிய புள்ளிகள் மைனஸ் 350 மில்லி வோல்ட்டையும் தாண்டிக் கீழே இருந்தன. துருப்பிடிப்பு நடந்துகொண்டிருக்க 90 விழுக்காட்டுக்கும் மேல் வாய்ப்பு உண்டு என்பது அதன் பொருள். தளர்ந்து தொங்கிய ஒரு ஓரத்தைத் தட்டி எடுத்து, புதிதாக உடைந்த முகத்தில் பினாஃப்தலின் கரைசலைத் தெளித்தார். நல்ல கான்கிரீட் உடனே இளஞ்சிவப்பாகும். இங்கே கம்பியின் ஆழம் வரை நிறமே வரவில்லை. கம்பியைக் காக்கும் காரத்தன்மையைக் கான்கிரீட் அங்கே இழந்துவிட்டிருந்தது. உடனடி ஆபத்து இல்லை, முட்டுக்கொடுக்கத் தேவையில்லை, ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் மேடைத் தளத்தைத் திறந்து நீர்க்காப்பையும் கம்பியையும் சீர்செய்ய வேண்டும் என்பது அவர் கருத்து. செலவுக்குக் குறைந்த அளவு, கூடிய அளவு என்று ஒரு வரம்பையும் தந்தார்.

எடுத்த முடிவும் காரணமும்

மூன்று வழிகள் பேசப்பட்டன. விலகுவது முதலாவது. வீடு மனத்துக்குப் பிடித்திருந்தது என்பதைத் தாண்டி, அதே வயதுள்ள வேறு எந்தக் குடியிருப்பிலும் இத்தகைய சிக்கல் இருக்கலாம், இங்கே அது என்னவென்றாவது தெரிந்துவிட்டது என்ற எண்ணத்தில் தம்பதியர் விலகவில்லை. விலையைக் குறைக்கக் கேட்பது இரண்டாவது. சங்கம் இன்னும் ஒப்பந்தப்புள்ளியே கோராத நிலையில், எவ்வளவு குறைப்பது என்பது இருதரப்புக்கும் ஊகமாகவே இருக்கும். மூன்றாவதாக, கிரயத் தொகையில் ஒரு பகுதியை வழக்கறிஞரிடம் 18 மாதங்களுக்கு நிறுத்திவைத்து, அதற்குள் மேடைத் தளத்திற்கான சிறப்பு வசூல் வந்தால் அதிலிருந்து செலுத்துவது, மிச்சத்தை விற்பவருக்குத் தந்துவிடுவது. நிறுத்திவைக்கும் தொகை, பொறியாளர் தந்த வரம்பின் கூடிய அளவில் 1.6 விழுக்காடு.

விற்பவர் முதலில் மறுத்தார். குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தை வழக்கறிஞர் மேசையில் வைத்த பிறகு பேச்சு எளிதாயிற்று. மின்பெட்டிக் கருவியைப் பத்திரப் பதிவுக்கு முன் அவரே மாற்றித் தந்தார்.

பின்னர் நடந்தவை

குளியலறைக் கசிவு மூன்று வாரங்களில் தீர்ந்தது. ஓராண்டாகச் சங்கத்தில் பேசப்பட்டுக்கொண்டிருந்த அந்தக் கேள்விக்கு, பத்திரத்தின் குழாய்ச் சொற்றொடரை மூதாட்டியிடம் படித்துக் காட்டியதும் விடை கிடைத்தது. "இதை அப்பவே யாராவது காட்டியிருந்தா அன்னிக்கே செஞ்சிருப்பேனே" என்றார். குழாயைக் கீழ்வீட்டின் கூரை வழியாகத்தான் அடைய முடியும் என்பதால், தம்பதியர் தங்கள் கூரையைத் திறக்க இடம் தந்து, அதை மூடி வண்ணம் அடிக்கும் செலவையும் ஏற்றுக்கொண்டனர். இணைப்பை மாற்றிய செலவு மூதாட்டியுடையது.

பொறியாளரின் அறிக்கை சங்கத்தின் கோப்பில் சேர்ந்த பிறகு ஒத்திவைப்பது கடினமாயிற்று. வாங்கிய 11-ஆம் மாதம் பொதுக்குழு சிறப்பு வசூலை நிறைவேற்றியது. தளத்தைத் திறந்து பார்த்தபோது, துருவேறிய பரப்பு சுத்தியல் ஒலி காட்டியதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு இருந்தது. கீழிருந்து தட்டிக் கேட்பது மேல்வரிசைக் கம்பியைப் பற்றி எதுவும் சொல்லாது. இதனால் வசூல் இரண்டு தவணைகளாக உயர்ந்தது. நிறுத்திவைத்த தொகை ஐந்தில் நான்கு பங்கை அடைத்தது. மிச்சத்தைத் தம்பதியர் கைப்பணத்திலிருந்து கட்டினர்.

எவரும் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. சீரமைப்புக்காக மேடைத் தளத்திற்கு அடியில் இரும்பு முட்டுகள் நிறுத்தப்பட்டபோது, அவை நின்ற எட்டு வாகன இடங்களுள் ஒன்று இவர்களுடையது. ஐந்து மாதங்கள் வண்டியைத் தெருவில் நிறுத்த வேண்டியதாயிற்று.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

ஆவணங்களை முதல் நாளே, ஆய்வாளரை நியமிப்பதற்கும் முன்பே, கேட்டிருக்க வேண்டும். குறிப்பேடுகளை முதலில் படித்திருந்தால் ஆய்வாளரும் கட்டமைப்புப் பொறியாளரும் ஒரே நாளில் வந்திருப்பார்கள், கெடுவை நீட்டிக்கச் சொல்லி விற்பவரிடம் போய் நின்றிருக்க வேண்டியதில்லை. இது என் பொறுப்பில் நேர்ந்த தாமதம்.

நிறுத்திவைக்கும் தொகையைக் கணக்கிட்டபோது, மூடியிருக்கும் கான்கிரீட்டைத் திறந்தால் பழுது பெருகும் என்ற வழக்கமான அனுபவத்தை நான் உரிய அளவில் வலியுறுத்தவில்லை. வரம்பின் கூடிய அளவுக்கு மேலும் மூன்றில் ஒரு பங்கு சேர்த்துக் கேட்டிருக்கலாம். விற்பவர் அதற்கு ஒப்பியிருப்பாரா என்பது வேறு.

வாகன இடம் பற்றிய பிழை இன்னும் உறுத்துகிறது. தரைக்கீழ்த் தளத்தில் அன்று முழுக்கக் கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த வீட்டிற்குரிய இடம் எது என்று நாங்கள் மூவரும், ஆய்வாளரும் கேட்கவில்லை. பத்திரத்தில் அது தனிச் சொத்தாக அன்று, சங்கம் தேவைப்பட்டால் மாற்றிக் கொடுக்கக்கூடிய பயன்பாட்டு உரிமையாகவே எழுதப்பட்டிருந்தது. அந்தப் பத்தியையும் படித்திருந்தோம். தகரத் தட்டிலிருந்து இரண்டாவது தூணில், கண்ணுக்கு நேர் உயரத்தில், இவர்களுடைய வீட்டு எண் மஞ்சள் வண்ணத்தில் எழுதப்பட்டிருந்ததை ஆய்வாளர் எடுத்த நிழற்படம் ஒன்றிலேயே பிறகு பார்த்தோம்.